நட்டவரும் நீர் வார்த்தவரும்

‘மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்’ என்பது தமிழ் மக்களின் நாவில் நாள்தோறும் பயிலும் பழமொழி. துன்பம் நேர்ந்த வேளையில், படைத்தவன் கைவிட மாட்டான் என்று ஆறுதல் கூற எழுந்த மொழி அது. ஆயின் அதனை உவமையாகக் கொள்ளாமல், சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டு, நகரத் தெருக்களில் நிற்கும் மரங்களின்மேல் பொருத்திப் பார்த்தால் வரலாறு பெரும்பாலும் அதற்கு மாறாகவே பேசுகின்றது. தெருவில் மரம் வைத்தவர் ஒருவர். தண்ணீர் ஊற்றியவர் மற்றொருவர். ஊற்றுவார் எவருமின்றிப் பட்டுப்போன மரங்களோ கணக்கில.

சாலையோரம் மரம் வைத்தல் பழைய அறம். மக்களுக்கும் மாக்களுக்கும் நிழல் தரும் பொருட்டுச் சாலைகளில் ஆலமரம் வைப்பித்ததை அசோகப் பேரரசர் தம் தூண் கல்வெட்டில் பொறித்து வைத்தார். மதுரை நாயக்கர் மரபின் அரசி மங்கம்மாளின் பெயரைச் சாலைகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. சிங்கப்பூரில் 1963ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் ஃபாரர் வட்டத்தில் லீ குவான் இயூ ஒரு மெம்பாட் மரக்கன்றை நட்டு மரநடு இயக்கத்தைத் தொடங்கி வைத்த செய்தியைப் பலரும் அறிவர். நட்ட கையை வரலாறு மறவாமல் குறித்து வைக்கும். நட்ட மறுநாள் தொடங்கி வாளி சுமந்த கைகளை அது குறிப்பதில்லை. அக்கைகளின் வரலாறு ஓரளவேனும் தெளிவாகக் கிடைக்கும் நகரங்களுள் ஒன்று நியூயார்க். அதிலும் சிறப்பாக அதன் புரூக்ளின் பகுதியைச் சொல்ல வேண்டும்.

காட்டு மரத்துக்கு எவரும் நீர் வார்ப்பதில்லையே, தெரு மரத்துக்கு மட்டும் ஏன் என்ற ஐயம் எழுதல் இயல்பு. காட்டில் விதை விழுந்த இடத்திலேயே வேரூன்றுகின்றது. வேர் செல்லும் தொலைவுக்கு ஏற்பவே கிளையும் வளர்கின்றது. தெருவுக்கு வரும் மரமோ நாற்றுப் பண்ணையில் சில ஆண்டுகள் வளர்ந்து ஆள் உயரத்தைக் கடந்த பின்னர்த் தோண்டி எடுக்கப்படுவது. தோண்டுங்கால் அதன் வேர்களில் பெரும்பகுதி வெட்டுண்டு பண்ணை மண்ணிலேயே தங்கிவிடுகின்றது. மேலே இலையும் கிளையும் முழுமையாக இருக்க, அவற்றுக்கு நீர் ஊட்ட வேண்டிய வேர் மட்டும் ஒரு சிறு மண் உருண்டைக்குள் ஒடுங்கி நிற்கின்றது. அந்நிலையில் அது கல்லும் சிமெண்டும் சூழ்ந்த ஒரு சதுரக் குழியில் இறக்கப்படுகின்றது. பெய்யும் மழையில் பெரும்பகுதி சாக்கடைக்கு ஓடுகின்றது. இழந்த வேரை அம்மரம் மீண்டும் பெறுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை அது தெருவில் நிற்கும் நோயாளி என்றே கொள்ளத்தகும்.

நியூயார்க் நகரப் பூங்காத் துறை இளமரங்களுக்குக் கோடைக் காலத்தில் வாரந்தோறும் 15 முதல் 20 கேலன் நீர் வேண்டும் என்று கூறுகின்றது. அஃதாவது ஏறத்தாழ 60 முதல் 75 லிட்டர். பழைய மண்ணெண்ணெய்த் தகரத்தால் முகந்தால் நான்கு தகரம். மே மாதம் முதல் அக்டோபர் வரை, வாரம் தவறாமல், மூன்று ஆண்டுகள். ஒரு மரத்துக்கு இவ்வளவு எனின், நூறாயிரம் மரங்களுக்கு எத்தனை கைகள் வேண்டும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். நீர் மட்டுமன்று. கால் பட்டு இறுகிய மண்ணைக் கிளறி விடுதல், அடிமரத்தைத் தொடாதவாறு தழைப்போர்வை இடுதல், நாயின் சிறுநீரும் பனிக்காலத்தில் தெருவில் தூவும் உப்பும் வேரை எட்டாமல் காத்தல் ஆகியனவும் வேண்டும். கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைத் தமிழர் போற்றுவர். அஃது ஒரு நாட்கொடை. தெரு மரத்துக்கு ஊன்றிய கழியையோ உரிய காலத்தில் அவிழ்க்கவும் வேண்டும். அவிழ்க்க மறந்தால் கட்டிய கம்பியே பட்டையை அறுத்து மரத்தைக் கொன்றுவிடும். கொடுத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் செல்லும் வள்ளன்மை இங்கே பயன்படாது.

மருத்துவர் கண்ட நிழல்

நியூயார்க்கில் தெரு மரம் பற்றிய பேச்சு அழகு வேட்கையில் பிறந்ததன்று, சாக்கணக்கில் பிறந்தது. ஸ்டீபன் ஸ்மித் (1823–1922) என்பவர் அறுவை மருத்துவர். 1866இல் அந்நகரில் சுகாதார வாரியம் அமையப் பெரிதும் உழைத்தவர். 1872இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரக் கழகத்தை நிறுவி அதன் முதல் தலைவராகவும் விளங்கியவர். கோடையில் வெப்பம் ஏறும் வாரங்களில் இறப்பும் ஏறுவதையும், அவ்வாறு இறப்போருள் மிகப் பலர் ஏழைக் குடியிருப்புகளின் சிறு குழந்தைகள் என்பதையும் அவர் கணக்கெடுத்துக் காட்டினார். செங்கல்லும் கருங்கல்லும் பகலில் உண்ட வெயிலை இரவில் உமிழ்கின்றன. எனவே இரவிலும் அம்மக்களுக்கு ஆறுதல் இல்லை. தெருவெங்கும் மரம் வைத்தலே இதற்கு மருந்து என்று அம்மருத்துவர் எழுதினார். ஒருவர் நோயாளிக்கு மருந்து எழுதுவதை விட்டு ஒரு நகரத்துக்கே மருந்து எழுதியது அந்நாளில் புதுமை.

மருந்து எழுதியாயிற்று, அதனை ஊட்டுவார் யார்? அக்காலத்தில் நியூயார்க் தெரு மரங்களுக்கு மாநகராட்சி பொறுப்பேற்கவில்லை. வீட்டுக்காரர் விரும்பினால் தம் செலவில் தம் வாசலில் நட்டுக் கொள்ளலாம். 1880களில் புரூக்ளினில் மரம் நடுவதற்கும் குடிநீர் ஊற்றுகள் அமைப்பதற்கும் ஒரு சங்கம் தோன்றியது. 1897இல் நியூயார்க் மர நடுகைச் சங்கம் தோன்றியது. ஸ்மித் அதில் முன்னின்றார். வீட்டு உரிமையாளர்கள் வாசலில் மரம் வைக்குமாறு இச்சங்கத்தார் தூண்டினர். நட்ட மரத்துக்கு அந்நாளில் பெரும் பகை குதிரை. தெருவோரம் கட்டிய வண்டிக் குதிரைகள் இளமரத்தின் பட்டையைக் கடித்துத் தின்றுவிடும். ஆதலின் மரத்தைச் சுற்றிக் காப்புவேலி இடுவது இன்றியமையாததாயிற்று. 1902இல் இயற்றப்பட்ட சட்டம் தெரு மரங்களைப் பூங்காத் துறையின் ஆட்சியில் வைத்தது.

இம்முயற்சியின் குறையும் இங்கேயே தெரிகின்றது. வாசலில் மரம் வைக்கச் செல்வமும் சொந்த வீடும் வேண்டும். வெப்பத்தால் குழந்தையைப் பறிகொடுத்தவரோ வாடகைக் குடியினர். வீட்டின் சொந்தக்காரர் வேறு தெருவில், மர நிழலில் வாழ்ந்தவர். எவருக்காக மருந்து எழுதப்பட்டதோ அவர் தெருவுக்கு அது இறுதியாகவே சென்று சேர்ந்தது. இவ்வேற்றுமை அடுத்த நூற்றாண்டிலும் நீங்கவில்லை.

வெர்னன் நிழற்சாலையின் ஹாட்டி கார்தன்

புரூக்ளினில் பெட்ஃபோர்ட்–ஸ்டைவெசன்ட் என்றொரு பகுதி உண்டு. செந்நிறக் கல் வீடுகளும் நிழல் மரங்களும் நிறைந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடுத்தர வகுப்பார் வாழ்ந்த இடம் அது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கறுப்பின மக்கள் பெருந்தொகையாக அங்குக் குடியேறினர். 1930களில் வீட்டுக் கடனுக்குரிய வரைபடங்களில் அப்பகுதிக்குச் சிவப்பு மை தீட்டப்பட்டது. சிவப்பு மை தீட்டிய இடத்துக்கு வங்கிகள் கடன் கொடா. கடன் இல்லையேல் வீடு பழுது பார்க்க இயலாது. பழுது பாராத வீடு விலை போகாது. மாநகராட்சியின் கவனமும் குறைந்தது. குப்பை அள்ளுவது தளர்ந்தது. பட்ட மரம் வெட்டப்பட்டதே அன்றி அவ்விடத்தில் மறுமரம் வைக்கப்படவில்லை.

ஹாட்டி கார்தன் அம்மையார் 1900ஆம் ஆண்டு வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தவர். 1950களில் இப்பகுதியின் வெர்னன் நிழற்சாலையில் குடியேறினார். நிழற்சாலை என்ற பெயருக்குப் பொருத்தமாக அங்கு மரங்கள் இருந்தன. ஆண்டுதோறும் அவை ஒவ்வொன்றாகக் குறைந்ததை அவர் கண்ணெதிரே கண்டார். 1964இல், அறுபத்து நான்காம் அகவையில், தம் தெருவில் உள்ளோருக்குக் கடிதம் எழுதி ஒரு தெருச் சங்கம் கூட்டினார். முதலில் வந்தவர் ஒரு சிலரே. அவ்வாண்டு ஜூலையில், காவலர் ஒருவர் கறுப்பினச் சிறுவனைச் சுட்டுக் கொன்றதை அடுத்து ஹார்லெமிலும் பெட்ஃபோர்ட்–ஸ்டைவெசன்டிலும் பெருங் கலகம் மூண்டது. அத்தகைய ஆண்டில் மரத்தைப் பற்றிப் பேசுவது வீண்வேலை என்று எண்ணியவர் இருந்திருப்பின் அவரைக் குறைகூற இயலாது. அம்மையாரோ தெருவையும் மரத்தையும் வேறு வேறாகக் காணவில்லை.

சங்கத்தார் தெருவில் இறைச்சி வாட்டி விருந்து நடத்திப் பணம் திரட்டினர். அப்பணத்தில் நான்கு மரங்கள் வாங்கி நட்டனர். 1966இல் அடுத்த விருந்துக்கு நகர மேயர் ஜான் லிண்ட்சேயையே அம்மையார் அழைத்தார். மேயர் வந்தார். அதன்பின் பூங்காத் துறையுடன் ஓர் ஏற்பாடு பிறந்தது: மக்கள் நான்கு மரம் வைத்தால் நகரம் ஆறு மரம் தரும். இவ்வேற்பாடு ஒரு தெருவோடு நிற்கவில்லை. அம்மையார் அப்பகுதி முழுமைக்கும் ஓர் எழிலாக்கக் குழுவை அமைத்தார். ஏறத்தாழ நூறு தெருச் சங்கங்கள் அதில் இணைந்தன. சில ஆண்டுகளில் 1,500க்கு மேற்பட்ட மரங்கள் நடப்பட்டன. கிங்கோ, சிக்கமோர், தேன்லோக்கஸ்ட் ஆகியவை அவற்றுள் அடங்கும். கிங்கோ மலாயா, சிங்கப்பூர் வாசகர்களுக்கு முற்றிலும் புதியதன்று. சீனர் கடைகளில் இனிப்புக் கஞ்சிகளில் மிதக்கும் வெண்மஞ்சள் நிறக் கொட்டை அம்மரத்தின் விதையே. புகையையும் உப்பையும் பொறுத்து நிற்கும் மரம் அது.

நான்குக்கு ஆறு என்ற இக்கணக்கு வெறும் செலவுப் பங்கீடு அன்று. விருந்தில் தட்டுக் கழுவியவனும் பணம் கொடுத்தவளும் அம்மரத்தில் பங்குடையவர் ஆகின்றனர். நகரம் தானே பத்து மரத்தையும் கொண்டுவந்து வைத்துச் சென்றிருப்பின் அவை நகரத்தின் மரங்களாக இருந்திருக்கும். வாடினால் நகரத்தைக் குறைகூறிக்கொண்டு அவற்றைக் கடந்து நடந்திருப்பர்.

எனினும் நட்டவை 1,500 எனின், நீர் வார்ப்பதற்குப் பெரியவர்களின் ஓய்வு நேரம் போதாது. 1971இல் அம்மையார் சிறுவர்களைக் கொண்டு அக்கம்பக்க மரப்படை ஒன்றை அமைத்தார். மரங்களைப் பெயர் சொல்லி அறியவும், இளமரங்களைப் பேணவும் அச்சிறுவர்களுக்குக் கற்றுத் தரப்பட்டது. தெருவில் இளமரத்தை ஒடிப்பவர் பெரும்பாலும் சிறுவரே என்பது எந்நகரத்திலும் உள்ள முறையீடு. ஒடிக்கும் கைகளிலேயே வாளியைக் கொடுத்தது அம்மையாரின் மதிநுட்பம். தாம் நீர் வார்க்கும் மரத்தைத் தாமே ஒடிப்பவர் இலர். பிறர் ஒடிக்க விடுவதும் இலர்.

இதே காலத்தில் லஃபாயெட் நிழற்சாலையில் நின்ற ஒரு மக்னோலியா மரத்துக்கும் அவர் போராட வேண்டியிருந்தது. தென்மாநிலங்களுக்குரிய அம்மரம் 1885ஆம் ஆண்டு வாக்கில் வட கரோலினாவிலிருந்து கன்றாகக் கொண்டுவரப்பட்டு ஒரு வீட்டு வாசலில் நடப்பட்டது. குளிர் மிகுந்த அவ்வடபுலத்தில் அது பிழைத்ததே அரிது. பின்னால் நின்ற வீடுகள் வாடைக் காற்றைத் தடுத்ததால் பிழைத்தது. நகரப் புதுப்பிப்பின் பெயரால் அவ்வீடுகளை இடிக்க ஏற்பாடாயிற்று. அம்மையாரும் அவருடன் நின்றோரும் விடவில்லை. 1970இல் நகரத்தின் நினைவுச்சின்னங்களுள் ஒன்றாக அம்மரம் அறிவிக்கப்பட்டது. அரண்மனைக்கும் ஆலயத்துக்கும் தரும் தகுதியை அந்நகரம் ஒரு மரத்துக்கு அளித்தது அதற்கு முன் ஒருமுறைதான். வீடுகளும் காக்கப்பட்டு, 1972இல் உருவான மக்னோலியா மர மண்ணுலக நடுவத்தின் இருப்பிடமாயின. ஹாட்டி கார்தன் 1984இல் மறைந்தார். அப்பகுதியின் சமூகத் தோட்டம் ஒன்று அவர் பெயரைக் கொண்டுள்ளது.

கத்தரியும் கணக்கும்

1975இல் நியூயார்க் நகரம் கடனில் மூழ்கி ஓட்டாண்டியாகும் விளிம்புக்குச் சென்றது. பள்ளிக்கும் தீயணைப்புக்குமே பணம் குறைந்தபோது மரத்துக்கு எங்கிருந்து வரும்? 1976இல் குடிமக்கள் சிலர் கூடித் தெரு மரங்களைத் தாமே பேண ஒரு கழகம் கண்டனர். நாளடைவில் அதற்கு நியூயார்க் மரங்கள் என்ற பெயர் நிலைத்தது. ஆர்வம் ஒன்றை மட்டும் அவர்கள் நம்பவில்லை என்பதே இங்குப் போற்றத்தக்கது. அறியாதவன் கைக் கத்தரி மரத்துக்குக் கோடரியினும் கொடிது. ஆகவே பாடமும் பயிற்சியும் தேர்வும் வைத்து, தேறியவருக்கே நகரத்தின் இசைவுடன் உரிமம் வழங்கும் முறை ஏற்பட்டது. உரிமம் பெற்றவரும் தரையில் நின்று எட்டும் கிளையை மட்டுமே வெட்டலாம்; ஏணியும் ஏற்றமும் கூடா. அரசு கைவிட்ட வேலையைத் தொண்டர் ஏற்பது, அரசு அதனை நிரந்தரமாகக் கைவிட வழி செய்து கொடுக்காதா என்ற வினா அப்போதே எழக்கூடியது. அவ்வினாவுக்கு இன்றளவும் முழு விடை இல்லை. பசித்த குழந்தைக்குச் சோறிட்டுவிட்டுப் பிறகு தந்தையைத் தேடுவதே முறை என்று அத்தொண்டர்கள் எண்ணினர் போலும்.

தெரு மரங்களை எண்ணும் பணியும் பெருமளவில் தொண்டர்களாலேயே நடந்தது. பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த கணக்குகளின்படி 1995இல் 498,470 மரங்களும், 2005இல் 592,130 மரங்களும், 2015இல் 666,134 மரங்களும் இருந்தன. கடைசிக் கணக்கில் 2,200க்கு மேற்பட்ட தொண்டர்கள் தெருத் தெருவாக நடந்தனர். இடையே 2007இல் தொடங்கிய பத்து இலட்ச மரத் திட்டம் 2015 நவம்பரில் நிறைவெய்தியது. நட்ட கணக்கு இது. பிழைத்த கணக்கு? அதனையும் ஆய்வாளர் எடுத்தனர். 1999 முதல் 2003 வரை நட்ட மரங்களுள் 13,405ஐத் தேர்ந்து 2006, 2007 கோடைகளில் சென்று பார்த்தபோது, நூற்றுக்கு 74.3 உயிருடன் இருந்தன. எஞ்சியவை பட்டு நின்றன, அல்லது சுவடின்றி மறைந்திருந்தன. ஓரிரு குடும்பங்கள் வாழும் வீடுகளின் வாசலில் பிழைத்த அளவுக்குப் போக்குவரத்து மிகுந்த பெருஞ்சாலைகளில் அவை பிழைக்கவில்லை. மண் கிளறி, பூச்செடி வைத்து, எவரோ பேணுகிறார் என்ற அடையாளம் தெரிந்த குழிகளில் மரம் பிழைத்திருப்பது மிகுதி என்பதும் தெரியவந்தது.

இனி, இவ்வரலாற்றின் மறுபக்கம் ஒன்று டெட்ராய்ட் நகரில் உண்டு. 1950 முதல் 1980 வரையான காலத்தில் எல்ம் மரநோயாலும் பிறவற்றாலும் ஏறத்தாழ ஐந்து இலட்சம் மரங்களை இழந்த நகரம் அது. 2011 முதல் 2014 வரை ஒரு தொண்டு நிறுவனம் வீட்டு வாசல்களில் இலவசமாக மரம் வைத்துத் தர முன்வந்தது. தகுதியுடைய ஏறத்தாழ 7,400 வீட்டாருள் 1,800க்கு மேற்பட்டோர் ‘வேண்டா’ என்று எழுதிக் கொடுத்துவிட்டனர். நால்வரில் ஒருவர்! நிழலை வெறுப்பவர் அவர்கள் என்று கொள்வது பிழை. ஆய்வாளர் சென்று கேட்டபோது, மரத்தின் பயனை அவர்கள் நன்கறிந்தே இருந்தனர். பட்ட மரங்களை நகரம் பல்லாண்டு வெட்டாமல் விட்டதையும், 1967 கலகத்துக்குப் பின் தங்கள் தெரு மரங்கள் வெட்டப்பட்ட விதத்தையும் முதியோர் மறக்கவில்லை. வைப்பவர் வைத்துவிட்டுப் போய்விடுவர், சருகு கூட்டுவதும் கிளை வெட்டுவதும் வேர் தூக்கிய நடைபாதையைச் செப்பனிடுவதும் தங்கள் தலையில் விழும் என்று அவர்கள் கருதினர். எந்த மரம், எந்த இடம் என்று எவரும் அவர்களைக் கேட்கவும் இல்லை. வெர்னன் நிழற்சாலையில் விருந்து வைத்துத் திரட்டிய காசில் வாங்கிய நான்கு மரங்களையும், டெட்ராய்டில் மறுக்கப்பட்ட இலவச மரங்களையும் அருகருகே வைத்து நோக்கினால், இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு பணத்தால் அளக்கக் கூடியதன்று.

நியூயார்க்கிலும் இவ்வச்சம் இல்லாமல் இல்லை. அங்கே நடைபாதையைச் செப்பனிடும் கடமை வீட்டுக்காரருடையது, மரமோ நகரத்துடையது. வேர் கல்லைத் தூக்கினால் யார் பொறுப்பு என்ற வழக்கு ஓயாமல் இருந்ததால், 2005இல் நகரமே சில வீட்டாருக்கு அவ்வகைப் பழுதைச் சீர்செய்து தரத் தொடங்கியது. அதன்பின் மரத்தை வேண்டுவோர் கேட்டால் மட்டும் வைப்பது என்ற பழைய முறையும் மாறியது. கேட்கத் தெரிந்தவர் தெருவிலேயே மரம் மேலும் மேலும் சேர்ந்ததை உணர்ந்து, ஆஸ்துமா நோயால் மருத்துவமனை சேர்வோர் மிகுந்த, மரம் குறைந்த ஆறு பகுதிகளைத் தேர்ந்து அங்கே முதலில் வைத்தனர். ஸ்டீபன் ஸ்மித் மருத்துவர் எழுதிய மருந்து ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின் உரிய வாசலை அடைந்தது என்று கூறினால் மிகையாகாது.

2016இல் அந்நகரப் பூங்காத் துறை தெரு மரங்கள் ஒவ்வொன்றையும் வரைபடத்தில் ஏற்றியது. மரத்தின் இனமும் அடிமரத்தின் பருமனும் அதில் காணலாம். நீர் வார்த்தவரும் மண் கிளறியவரும் தாம் செய்ததை நாளிட்டு அம்மரத்தின் பெயரில் பதிந்து வைக்க அதில் இடம் விடப்பட்டுள்ளது.